பதிவேட்டில் இல்லாத ஒன்பது நிமிடம்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், அதாவது குடியிருப்பில், என்னைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பாம் அங்கிள்' என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். வெடிகுண்டு அகற்றும் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, பத்து விரலும் குறையாமல் ஓய்வுபெற்றவன் என்று எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. என் மனைவி சரசு மட்டும் அந்த மரியாதையைத் தரமாட்டாள். "குண்டக் கழட்டத் தெரியும், கேஸ் தோங் மாத்தத் தெரியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் சொல்வது உண்மைதான். கேஸ் சிலிண்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பயம்.

போன வருடம் ஒரு நாள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. எங்கோ நடக்கிற சண்டை. டிரோனில் மேலேயிருந்து எடுத்தது. ஒரு வயல், அதில் ஒரு ஆள் ஓடுகிறான். கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறான், திரும்பி நிமிர்ந்து பார்க்கிறான். தாடி வைத்திருப்பது தெரிகிறது. அப்புறம் புகை. இதற்கு யாரோ ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்திருந்தார்கள். கீழே, 'பாம் அங்கிள், கமென்ட் ப்ளீஸ்' என்று இரண்டு சிரிப்புப் பொம்மைகள்.

எனக்கு வந்ததே கோபம். 'ஒரு ஆள் சாகிறதுக்குப் பாட்டா? முதலில் அந்தப் பாட்டை எடுங்கள்' என்று எழுதிப் போட்டேன். அன்று முழுக்கக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் 'காலை வணக்கம்' ரோஜாப்பூகூட வரவில்லை. தாமானையே பயமுறுத்திவிட்டேன் என்று சரசு திட்டினாள்.

அதே வாரம்தான் கவிதா ஃபோன் செய்தாள்.

கவிதா எங்கள் பழைய பிரிவில் இப்போது இன்ஸ்பெக்டர். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஷா ஆலமில் புது ரோபோ வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று எங்களைப் போன்ற கிழவர்களையெல்லாம் அழைத்திருந்தாள். போய்ப் பார்த்தேன். நான்கு கேமரா, ஒரு கை, அடியில் சங்கிலிச் சக்கரம். என் முட்டியைவிட அதன் முட்டி எவ்வளவோ மேல், படியெல்லாம் ஏறுகிறது. "இப்பல்லாம் நாங்க யாரும் கிட்டவே போறதில்ல அங்கிள். வேன்ல ஏர்கோன் போட்டு உக்காந்துக்கிட்டே வேலைய முடிச்சிருவோம்" என்றாள். எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என் காலத்தில் எங்களுக்கு இருந்த ஏர்கோன், குழிக்குள் தலைகீழாகத் தொங்கும்போது கழுத்தில் படும் காற்றுதான்.

அன்று ஃபோனில் அவள் குரலில் அந்த விளையாட்டு இல்லை.

"அங்கிள், கிள்ளான் ஆத்தோரம் கட்டடத்துக்குத் தோண்டினாங்க. ஒன்னு கெடச்சிருக்கு. ஜப்பான்காரன் காலத்துச் சாமான், பெருசு. சேத்துக்குள்ள சாஞ்சு கெடக்கு. ரோபோவ எறக்கிப் பாத்தோம், மாட்டிக்கிச்சு, வெளிய இழுக்கவே பாடாப் போச்சு. நாளைக்குக் காலைல நான்தான் எறங்கணும்."

"சரிம்மா."

"பழைய பதிவுப் புத்தகத்தெல்லாம் எடுத்துப் படிச்சேன். உங்க பிரிக்ஃபீல்ட்ஸ் குண்டு மாதிரியே இருக்கு. அதே அளவு, வால் பக்கம் அதே மாதிரி ஃபியூஸ். அதுல ஒன்னு புரியல. பதினொன்னு நாப்பத்திரண்டுக்கு 'அசையவில்லை'ன்னு போட்டிருக்கு. பதினொன்னு அம்பத்தொன்னுக்கு 'கழன்றது'ன்னு போட்டிருக்கு. நடுவுல ஒன்னுமே இல்ல. அந்த ஒம்பது நிமிஷம் என்ன செஞ்சீங்க?"

ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ட்ரெய்னிங்ல உங்க கேஸத்தான் பாடமா நடத்துனாங்க. பொறுமையா இருந்தா கழலும்னு. நானும் நாளைக்கு அதான் செய்யலாம்னு இருக்கேன். எப்படிச் செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க அங்கிள்."

"பழைய கதைம்மா. யோசிச்சுட்டு அரை மணி நேரத்துல கூப்பிடுறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? அந்த ஒன்பது நிமிடமும் எனக்கு என் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் குண்டுக் கதையை எத்தனையோ கல்யாண விருந்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியவன் நான். பாராட்டுச் சான்றிதழ் ஹாலில் தொங்குகிறது. அந்த ஒன்பது நிமிடத்தை மட்டும் சரசுவிடம்கூடச் சொன்னதில்லை.

முழுதாகச் சொன்னால்தான் புரியும். வேலையில் சேர்ந்த கதையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிடலாம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர், நான் ஸ்கூல் முடித்ததும் சீருடை வேலைக்குப் போனேன், கை நடுங்காதவன் யார் என்று கேட்டபோது முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். பயிற்சியில் கற்றுக்கொண்டதில் ஒன்றே ஒன்றுதான் என்னை உலுக்கியது. சில குண்டுகளை வெடிக்க வைக்கும் ஃபியூஸுக்குள் இன்னொரு பொறி இருக்கும். விழுந்தவுடன் வெடிப்பதற்கு அல்ல. பிற்பாடு ஒருவன் வந்து அதைக் கழற்றத் திருப்பினால் வெடிப்பதற்கு. யோசித்துப் பாருங்கள். விழுந்த இடத்தில் குழந்தை குட்டிகளைக் காப்பாற்ற வருகிறவனைக் கொல்வதற்கென்றே ஒருவன் மேசை போட்டு, ஸ்கேல் வைத்து, படம் வரைந்திருக்கிறான். மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைக் கொஞ்சியும் இருப்பான். அவன் எந்த நாட்டுக்காரன் என்று பயிற்சியாளரைக் கேட்டேன். "எல்லா நாட்டிலும் இருக்கிறான்" என்றார்.

பிரிவுக்கு வந்ததும் துவான் ஹம்சாவிடம் விட்டார்கள். அவர்தான் எங்கள் அதிகாரி; துவான் என்றால் மலாயில் ஐயா. ஒல்லியான மனிதர், குரல் எழும்பவே எழும்பாது. குண்டு கிடைத்த இடத்துக்குப் போனால் முதலில் குண்டைப் பார்க்க மாட்டார். அங்கே நிற்கிற காண்ட்ராக்டர், கூலியாட்கள், போலீஸ்காரர் எல்லோரையும் பார்த்து "சூடா மாக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். சாப்பிடவில்லை என்று எவனாவது சொன்னால் சட்டைப் பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்துக் கொடுப்பார். பசித்தவன் அவசரப்படுவான் என்பது அவர் கணக்கு. 'ஜாக்கிரதை' என்ற சொல்லை மட்டும் யார் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. அதைக் கேட்டால்தான் கை நடுங்குமாம்.

அவருடைய முறை ஒன்று உண்டு. குழிக்குள் ஒரே ஒருவன்தான் இறங்க வேண்டும். இன்னொருவர் தூரத்தில் மணல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் கம்பி ஃபோன். குழியில் இருப்பவன் எந்த வேலையையும் செய்வதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'வால் பக்க மண்ணை விரலால் எடுக்கப் போகிறேன்.' மேலே இருப்பவர் அதை எழுதிக்கொண்டு "சரி" என்பார். அதற்கப்புறம்தான் விரல் மண்ணைத் தொடலாம். முடித்தவுடன் 'முடிந்தது' என்று சொல்ல வேண்டும். பதிவுப் புத்தகத்தில் மூன்று கட்டம்: நேரம், சொன்னது, நடந்தது. எழுதுவது பென்சிலில், மழை பெய்தால் மை கரைந்துவிடும். துவான் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் புத்தகத்தின் மேல் ஓரத்தில் வைத்துக்கொள்வார்.

எதற்கு இதெல்லாம் என்று முதல் நாளே கேட்டேன். "மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும்போது சத்தம் கேட்டால், அடுத்தவன் எதைச் செய்யக்கூடாது என்று நமக்குத் தெரிந்துவிடும்" என்றார். சாதாரணமாக, கடலையை உரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்று கடலை இறங்கவில்லை. ஆனால் போகப் போக அந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் கடைசிக் காரியம்கூட இன்னொருவனுக்கு உதவும் என்றால், அதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

இனி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருகிறேன். பழைய ரயில் யார்டைத் தோண்டிப் பெரிய பெரிய கட்டடம் எழுப்பத் தொடங்கிய வருடங்கள். அங்கே ஓர் ஓரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒரு வரிசை இன்னும் மிச்சமிருந்தது. அதில் குடியிருந்தவர் ஆரோக்கியசாமி, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த வட்டாரத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஏழாவது குண்டு'. காரணம், ஐம்பது வருடமாக அவர் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் ஆண்டபோது அவனை விரட்ட வந்த விமானங்கள் யார்டில் ஏழு குண்டு போட்டன, ஆறுதான் வெடித்தது, ஏழாவது இங்கேதான் எங்கோ தூங்குகிறது என்று. காப்பிக்கடையில் யாரும் நம்பவில்லை. "இன்னிக்கி எட்டாவது ஏதும் விழுந்துச்சா அண்ணே?" என்று கிண்டல் செய்வார்களாம்.

ஒரு நாள் காலை மண் தோண்டும் இயந்திரத்தின் வாளி இரும்பில் இடித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஆரோக்கியசாமி வெள்ளைச் சட்டை, முழுக்கால் சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து எல்லாம் அணிந்து, குழிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக்காரரின் களை.

"ஐயா, எந்திரிச்சு வாங்க. இது வெடிக்கும்" என்றேன்.

"தெரியும் தம்பி. அம்பது வருசமா நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

காப்பிக்கடைக்காரர்கள் எல்லோரும் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடித்தார். துவான் ஹம்சா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சூடா மாக்கான், பாச்சேக்?" என்று உறவுமுறை சொல்லிக் கேட்டுக் கடலையை நீட்டினார். பெரியவர் உருகிப்போய்விட்டார். துவான் கடைக்காரரையே கூட்டிவரச் சொன்னார், அந்த மனிதர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏழுதான்ணே, ஏழுதான், ஒத்துக்கிறேன்லா!" என்று கத்தினார். கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. அதற்கப்புறம் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவன் நான்.

நடக்கும்போதுதான் மீதிக் கதையைச் சொன்னார்.

"எங்கண்ணன் அந்தோணி அன்னிக்கு வேகனுக்கு எண்ணெ போட்டுக்கிட்டு இருந்தான் தம்பி. பதினேழு வயசு. சத்தம் கேட்டதும் எங்களயெல்லாம் சாக்கடைக்குள்ள குதிங்கடான்னு தள்ளிவிட்டான். அவன் குதிக்கல. ஆறு சத்தம் கேட்டேன். ஆறாவதுலதான் அவன் போனான்."

நான், "போட்டவன் நமக்காக வந்தவன்தானே ஐயா" என்று உளறினேன்.

"அதத்தான் நானும் சொல்லிக்கிறது. அவன் மேல எனக்குக் கோவமில்ல. அவ்ளோ ஒசரத்துல இருந்து பாத்தா ரயிலுதான் தெரியும். எங்கண்ணன் எங்க தெரியப் போறான்?" கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னே ஒன்னு தம்பி. அது இங்க வெடிக்கக் கூடாது. ஏழாவது சத்தத்த என்னைக் கேக்க வெச்சிராத."

"வெடிக்காது ஐயா. நான் இருக்கேன்ல" என்றேன்.

எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. குண்டைப் பற்றி யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. வாக்குக் கொடுத்தவன் குழிக்குள் தனியாக இறங்குவதில்லை. அந்த வாக்கையும் முதுகில் சுமந்துகொண்டு இறங்குகிறான். எனக்கு அது தெரியும். இருந்தும் வாய் முந்திக்கொண்டது.

இறங்கினேன். துரு பிடித்து எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. துவான் ஏற்கெனவே பார்த்து, சாதாரண ஃபியூஸ் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் உறுதியில்லை என்றிருந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் சரி என்றார், செய்தேன். ஸ்பேனரைப் பொருத்தினேன். சொல்லிவிட்டு மெதுவாக அழுத்தம் கொடுத்தேன். அசையவில்லை. "அசையவில்லை" என்றேன். அதுதான் பதினொன்று நாற்பத்திரண்டு.

"மேலே வா மணியம்" என்றார் துவான். "மணல் மூட்டை அடுக்கி இங்கேயே வெடிக்க வைப்போம்."

அதுதான் முறை. அசையவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சாமானுடன் மல்லுக்கட்டக் கூடாது. நான் பதில் சொல்லவில்லை. ஃபோனின் வாய்ப்பகுதி என் கன்னத்தை ஒட்டித்தான் இருந்தது. துவான் இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவரின் சப்பாத்துப் பாலிஷ் கண்ணுக்குள் நின்றது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, திடீரென்று ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே திருப்பு. சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே 'டிக்' என்றது.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். பயிற்சியில் உள்ளே தெரியும்படி வெட்டி வைத்திருந்த மாதிரி ஃபியூஸ் ஒன்றில் எத்தனையோ தடவை கேட்டது. கழற்ற வருகிறவனுக்கென்று வரைந்து வைத்த அந்தப் பொறிதான் அது. என்னைக் கொல்ல வேண்டிய நேரத்தில், சரியாக, தன் வேலையைத் தொடங்கியது. பாதி வழியில் துருவில் சிக்கி நின்றுவிட்டது. அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. அப்புறம் ஃபியூஸ் பழைய ஜாம் பாட்டில் மூடி மாதிரி சுலபமாகக் கழன்று கையில் வந்தது. "கழன்றது" என்றேன். பதினொன்று ஐம்பத்தொன்று.

மேலே ஏறி வந்தபோது துவான் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிடி கடலையைக் கையில் வைத்தார். ஃபியூஸை யாரும் பிரித்துப் பார்ப்பதற்கு முன் நானே மணல் பெட்டியில் போட்டு, அன்றைக்கே மற்ற சில்லறைச் சாமான்களோடு சேர்த்து அழிக்க வைத்துவிட்டேன். ஆரோக்கியசாமி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, காப்பிக்கடைக்கு இழுத்துப் போய் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் அழுததைப் பார்த்து, நான் செய்தது சரிதான் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். சான்றிதழ் வந்தது. பாடமும் ஆகிவிட்டது: பொறுமையாக இருந்தால் கழலும்.

இப்போது கவிதா அந்தப் பாடத்தை நம்பிச் சேற்றுக்குள் இறங்கப் போகிறாள். காலிக் கட்டத்தைப் படித்தால் நான் ஏதோ வித்தை தெரிந்தவன் மாதிரித்தான் இருக்கும். அங்கே வித்தையும் இல்லை, பொறுமையும் இல்லை. துரு இருந்தது, அவ்வளவுதான். அதுவும் இவளுக்கு இருக்குமா? ஆற்றோரச் சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்த இரும்பு பல சமயம் நேற்றுப் புதைத்த மாதிரி வெளியே வரும்.

முதலில் துவான் ஹம்சாவுக்கு ஃபோன் போட்டேன். காஜாங்கில் இருக்கிறார், ரம்புத்தான் மரங்களோடு பேசிக்கொண்டு. விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே, "எனக்குக் கேட்டது மணியம்" என்றார்.

"என்ன துவான்?"

"அந்த 'டிக்'. கம்பி ஃபோன் நல்ல ஃபோன். தெளிவாகக் கேட்டது."

"அப்புறம் ஏன் துவான் எழுதவில்லை?"

"நீ ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுதியிருந்தால் உன்னைப் பிரிவைவிட்டுத் தூக்கியிருப்பார்கள். உன் கை மாதிரி இன்னொரு கை என்னிடம் இல்லை." உடனே கேட்டார், "அந்தப் பெண் எத்தனை மணிக்கு இறங்குகிறாள்?"

"காலையில்."

"அப்படியென்றால் என்னிடம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறாய்? வை ஃபோனை."

ஃபோனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரசுவிடம், "வண்டிச் சாவி எங்க?" என்றேன். "எங்க ஓடுறீங்க?" என்றாள். ஹாலிலேயே நின்றபடி, சான்றிதழைக் காட்டி, ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சான்றிதழைப் பார்த்தாள். "நம்ம சின்னவ அப்ப கைக்கொழந்த" என்றாள். சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆற்றோரத்துக்குப் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கவிதா சேறு படிந்த பூட்ஸுடன் வேன் படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காருமா" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சொல்லி முடித்தேன். வாக்குக் கொடுத்தது, மேலே வரச் சொல்லியும் வராதது, சொல்லாமல் திருப்பியது, 'டிக்'. எதையும் அழகுபடுத்தவில்லை.

ரொட்டி அவள் கையிலேயே இருந்தது.

"அப்ப இதும் அந்த மாதிரி ஃபியூஸா இருக்கலாம்" என்றாள்.

"இருக்கலாம். துரு எப்படி?"

"இல்ல அங்கிள்." குரல் இறங்கிப்போயிற்று. "வால் பக்கம் தொடச்சுப் பாத்தேன். பளபளன்னு இருக்கு."

இரண்டு பேரும் குழி இருந்த திசையைப் பார்த்தோம். கொக்கு ஒன்று சேற்றில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எங்க அம்மாகிட்ட ஒன்னும் ஆவாதும்மான்னு சொல்லிட்டு வந்தேன் அங்கிள்" என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "இனிமே சொல்ல மாட்டேன்."

அன்று மாலையே அவள் முடிவை மாற்றினாள். இறங்குவதில்லை, கழற்றுவதில்லை, கிடக்கிற இடத்திலேயே மணல் மூட்டையும் தண்ணீர்த் தொட்டியும் அடுக்கி, தூரத்திலிருந்து வெடிக்க வைப்பது.

மறுநாள் காலை துவான் ஹம்சா மருமகனுடன் காஜாங்கிலிருந்து வந்து இறங்கினார். சட்டைப் பை உப்பியிருந்தது. வந்ததும் நேராகக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற காவலரிடம் போய், "சூடா மாக்கான்?" என்றார். எங்கள் இரண்டு பேரையும் தூரத்தில் ஒரு கூடாரத்தில் உட்கார வைத்தார்கள்.

காலை முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது குண்டை அல்ல, ஆட்களை. வீடு வீடாகப் போய்த் தட்டினார்கள். ஒலிபெருக்கியில் மலாயில், தமிழில், சீனத்தில் சொன்னார்கள். ஒரு பாட்டையா தன் சேவலை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார், சேவலும் வந்தது. பள்ளி மண்டபத்தில் தலையை எண்ணினார்கள், ஒரு தலை குறைந்தது, திரும்பப் போய்த் தேடிக் கூட்டி வந்தார்கள், மறுபடி எண்ணினார்கள். கவிதா ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள், பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் சங்கு ஒரு முறை. ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது முறை. மூன்றாவது சங்குக்கு அப்புறம் எங்கும் ஒரு சத்தம் இல்லை.

எனக்கு அந்தோணி ஞாபகம் வந்தது. இந்த இரும்பைச் செய்தவர்களும் தூக்கி வந்தவர்களும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை. மேலேயிருந்து அவன் தெரியவும் இல்லை. ஆரோக்கியசாமி அதற்காக அவர்களை மன்னித்தார். இப்போது டிரோனில் மேலேயிருந்து எல்லாம் தெரிகிறது, ஓடுகிறவனின் தாடிகூடத் தெரிகிறது. பெரியவர் இருந்திருந்தால் இவர்களுக்கு என்ன சாக்குச் சொல்லியிருப்பார் என்று யோசித்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தரை ஒரு முறை வயிற்றைத் தட்டியது. பழுப்பு நிறத்தில் சேறு தென்னை உயரம் எழுந்து, அவசரமில்லாமல் கீழே விழுந்தது. பாதிக்கு மேல் கவிதாவின் புது வேன்மேல். பள்ளி மண்டபத்துப் பக்கம் சேவல் கூவியது. துவான் என் தொடையில் தட்டி, "ஏழு" என்றார்.

வேலையெல்லாம் முடிந்த பிறகு கவிதா பழைய பதிவுப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்து வந்தாள். பக்கம் பழுப்பேறியிருந்தது. துவானின் சின்னச் சின்ன எழுத்து, நடுவில் அந்தக் காலிக் கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்: 'மேலே வரச் சொன்னார், வரவில்லை. சொல்லாமல் திருப்பினேன். உள்ளே டிக் என்றது. வெடிக்காததற்குத் துருவே காரணம்.' துவான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை வாங்கி, அதற்குக் கீழே, 'எனக்குக் கேட்டது. எழுதாதது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'சொன்னது' என்ற கட்டம் மட்டும் காலியாகவே இருக்கிறது. அதில் எழுத எங்களுக்கு ஒன்றும் இல்லை.

சான்றிதழை அன்றே ஆணியிலிருந்து இறக்கிவிட்டேன். சரசு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள், "கேஸ் தோங் முடிஞ்சிருச்சு, வந்து மாத்துங்க" என்றாள். மாற்றினேன். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன். "வால்வ மூடப் போறேன்", "சரி", "மூடியாச்சு" என்று அவளும் சமையலறை வாசலில் நின்று சிரிக்காமல் பதில் சொன்னாள்.

அதற்குள் தாமான் குழுவில் ஆற்றோரத்து வெடிப்பு வீடியோ வந்துவிட்டது. அதே ஆள்தான் போட்டிருந்தார், அதே குத்துப்பாட்டோடு. போட்ட கையோடு என் ஞாபகம் வந்திருக்க வேண்டும். 'சாரி பாம் அங்கிள், பாட்ட எடுத்துர்றேன்' என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தார்.

நான் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். சங்கு மூன்று முறை கேட்கிறது, சேறு எழுகிறது, சேவல் கூவுகிறது. பிறகு எழுதினேன்: 'எடுக்க வேண்டாம், இருக்கட்டும். இதில் கீழே யாரும் இல்லை.'